டியூட்டி சாப்பாடு

ஏணியின் இடுப்பைப் பற்றி அவர் மனைவியைவிட எனக்குத்தான் அதிகம் தெரியும். பெருமைக்காகச் சொல்லவில்லை. தீயணைப்பு நிலையத்துக்குச் சீருடை தைக்கிறவன் நான். அங்கே வேலை செய்யும் இருபத்தாறு பேருடைய இடுப்பும் தொடையும் என் நோட்டில் தேதி போட்டு இருக்கின்றன. ஆள் தன்னைப் பற்றிச் சொல்வதும் என் டேப் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. நான் டேப்பைத்தான் நம்புவேன்.

ஏணி என்பது நிலையத்தில் வைத்த பெயர். ஆறடி இரண்டு அங்குலம். வண்டியில் உள்ள ஏணியைக்கூட மடக்கிவிடலாம், இவர் காலை மடக்க முடியாது என்று கிண்டல் செய்வார்கள். அவரும் அவர் மனைவியும் குடியிருந்தது என் கடைக்குப் பின்னால். முன்னறை என் கடை, பின்னாலிருந்த இரண்டு அறைகள் அவர்கள் வீடு. நடுவில் வெறும் பலகைத் தடுப்பும் ஒரு கதவும்; அவர்களுக்குப் பக்கச் சந்திலும் ஒரு வாசல் உண்டு. அந்தப் பக்கம் ஸ்பூன் விழுந்தால் இந்தப் பக்கம் என் விரலில் ஊசி குத்தும். நான் ஒட்டுக்கேட்கிற ஆள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். தையல்காரனுக்கு இரண்டு கையும் துணியில் இருக்க வேண்டும், காதை எதை வைத்து மூடுவது?

அவர் மனைவியை நான் தங்கச்சி என்று கூப்பிடுவேன். கூடப் பிறந்தவள் இல்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டு அப்படி ஆகிவிட்டாள். ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வெளுத்த போர்வைகளைச் சூடான ரோலருக்குள் விட்டு, மறுபக்கம் வருவதை இழுத்து மடிக்க வேண்டும். காலை ஆறரை மணிக்கு உள்ளே போனால் மதியம் இரண்டரைக்கு வெளியே வருவாள். முழங்கைவரை தோல் வெளிறியிருக்கும். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் ப்ளீச் வாசனை அவளை விட்டுப் போகாது. அவர்கள் பெண் கல்யாணமாகி வேறு ஊரில் இருந்தாள்.

வருடத்துக்கு ஒருமுறை தீயணைப்புக்காரர்களுக்கு ஓட்டத் தேர்வு. இரண்டரை கிலோமீட்டரைப் பன்னிரண்டு நிமிஷத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும். போன வருடம் ஏணி அரை நிமிஷம் தாமதம். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். இந்த வருடமும் தவறினால் வண்டியிலிருந்து இறக்கிக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள்.

"இருபத்திரண்டு வருஷம் வண்டியில தொங்கிக்கிட்டுப் போயிருக்கேன். இனிமே உக்காந்து சிலிண்டருக்கு லேபிள் ஒட்டணுமா மாஸ்டர்?" என்றார் ஒருநாள்.

"ஒட்டினா என்ன, அதுவும் ஒரு வேலைதான?" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வைக்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

எடையைக் குறைத்தால் வேகம் வரும் என்று அவர் முடிவு செய்தார். அதில் ஒன்றும் தவறில்லை. தொப்பை இருந்தது, நானே சாட்சி. ஆனால் எப்படிக் குறைப்பது என்பதைக் கைப்பேசியில் ஒரு ஆள் சொல்லிக் கொடுத்துவிட்டான். சூரியன் மறைந்த பிறகு மாவுச்சத்து விஷமாம். சோறு, ரொட்டி, கிழங்கு எதுவும் ஆகாதாம். அன்றிலிருந்து ராத்திரி மூன்று அவித்த முட்டை, ஒரு வெள்ளரிக்காய், கொஞ்சம் முட்டைக்கோஸ். தங்கச்சி தட்டை வைப்பதும் அவர் நறுக் நறுக்கென்று வெள்ளரிக்காயைக் கடிப்பதும் எனக்குக் கேட்கும். குதிரைக்குத் தீனி வைத்த மாதிரி இருக்கும்.

இரண்டு மாதத்தில் இடுப்பு முப்பத்தெட்டிலிருந்து முப்பத்தாறு. நான்கு மாதத்தில் முப்பத்து நாலரை. பார்த்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். நான் கால்சட்டையைப் பிடித்துத் தைத்துத் தைத்துப் பின்பக்கத்து இரண்டு பைகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் தூரத்துக்கு வந்துவிட்டன.

"இடுப்பு குறையறது சரி. தொடை ஏன் ரெண்டு இஞ்ச் குறைஞ்சிருக்கு? ஓடற ஆளுக்குத் தொடை ஏறணுமில்ல?" என்று கேட்டேன்.

"கொழுப்பு மாஸ்டர். எல்லா எடத்துலயும்தான் கரையும்."

டேப்புக்குச் சந்தேகம் இருந்தது. நான்தான் அதைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டேன்.

தினமும் காலை ஐந்தரைக்குக் கால்வாய்க் கரையில் இரண்டு சுற்று ஓடுவார். சரியாக இரண்டரை கிலோமீட்டர். முடித்ததும் என் கடைப் படியில் வந்து உட்காருவார். பொத்தானுக்குக் காஜா எடுக்கக் காலை வெளிச்சம்தான் நல்லது என்று நானும் ஆறு மணிக்கே திறந்துவிடுவேன். என் கதவின் உட்பக்கத்தில் துணிக்குக் கோடு போடும் நீலச் சாக்கட்டியால் அன்றைய நேரத்தை எழுதுவார்.

நாள் போகப் போக எனக்கு ஒன்று தெரிந்தது. வருவது ஒரு ஏணி அல்ல, இரண்டு பேர். ஒருவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டே, "என்ன மாஸ்டர், மிஷின் என்னைவிட அதிகமா மூச்சு வாங்குது?" என்று கேட்பார். இன்னொருவர் நனைந்த மழைக்கோட் ஒன்றைப் படியில் போட்டதுபோல் வந்து விழுவார். வணக்கம் சொன்னால் முறைப்பார். மிஷின் பாபினில் நூல் அறுந்ததற்கு என்னோடு சண்டை பிடித்தார் ஒருநாள். அது என் மிஷின், என் நூல்.

"காலுக்குள்ள ஈர மணல் ரொப்பின மாதிரி இருக்கு. மொத அரை சுத்துலயே தலை காலியாயிடுது. எவனைப் பாத்தாலும் அடிக்கணும்போல வருது," என்றார்.

"வயசு நாப்பத்தாறு ஆகுதில்ல."

"வயசுன்னா தினமும்தான இருக்கணும்? மூணு நாளைக்கு ஒரு தடவை எனக்கு மட்டும் எப்படி இருபத்தஞ்சு வயசாகுது?"

நல்ல கேள்வி. அதற்கு விடை தேடியதில்தான் வந்தது வினை.

அவர்களுக்கு மூன்று நாளைக்கு ஒரு நாள் முழுநாள் டியூட்டி. அன்று ராத்திரி நிலையத்திலேயே படுக்கை. காலையில் டியூட்டி முடிந்து நேராகக் கால்வாய்க்குப் போய் ஓடுவார். மற்ற இரண்டு ராத்திரி வீடு. அவர் கதவில் நடுவே ஒரு கோடு இழுத்தார். ஒரு பக்கம் ஸ்டேஷனுக்கு 'ஸ்டே', மறுபக்கம் வீட்டுக்கு 'வீ'. மூன்று வாரம் எழுதினார். நிலையத்தில் படுத்து எழுந்த நாளெல்லாம் பன்னிரண்டு நிமிஷத்துக்குப் பக்கம். வீட்டில் படுத்து எழுந்த நாளெல்லாம் பதின்மூன்றுக்கு மேல். ஒன்றுகூட மாறவில்லை.

"நீங்களே பாருங்க மாஸ்டர். நான் சொல்லல, கணக்கு சொல்லுது. இந்த வீடுதான்."

நான் பார்த்தேன். தலையாட்டினேன். இதை இப்போது சொல்லும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

முதலில் தலையணை மாறியது. பிறகு மெத்தை. பஞ்சு மெத்தையைக் கொண்டுபோய்த் தள்ளிவிட்டு, பலகைபோல் ஒன்று வாங்கி வந்தார். ஜன்னலைத் திறந்து வைத்தார், பிறகு மூடி வைத்தார். கட்டிலைத் திருப்பிப் போட்டார். அது திரும்பும்போது பலகைத் தடுப்பில் இடித்து என் அலமாரியிலிருந்த பொத்தான் டப்பா கவிழ்ந்தது. எதற்கும் அவர் காலிலிருந்த மணல் கரையவில்லை. மாற்ற வேண்டிய சாமான் எல்லாம் தீர்ந்தபோது அந்த அறையில் மிச்சம் இருந்தது தங்கச்சி ஒருத்திதான்.

"உன் அலாரம் நாலரைக்கு அடிக்குது. அதுலயே என் தூக்கம் போகுது."

"பத்து வருஷமா நாலரைக்குத்தான அடிக்குது?"

"அந்தப் பத்து வருஷமும் சேர்ந்துதான் இப்போ தெரியுது."

அலாரத்தை அவள் துணியில் சுற்றித் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு நாள் கழித்து வேறொன்று வந்தது.

"உன்மேல ஒரு வாசனை வருது. ராத்திரி பூரா அதைத்தான் மூச்சா இழுத்துக்கிட்டுக் கிடக்கேன். நெஞ்சு எப்படி விரியும்?"

அந்தப் பக்கம் பாயை உருவி எடுக்கும் சத்தம் கேட்டது.

"நான் சமையலறையில படுத்துக்கறேன்," என்றாள் தங்கச்சி.

சமையலறையில் படுத்தாள். மறுநாளும் அவர் நேரம் பதின்மூன்றே கால். அன்று காலை அவள் வேலைக்குக் கிளம்பி என் கடை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். ஏணி ஓடிவிட்டு வந்து அங்கேயே நின்று சொன்னார். நான் இருப்பதையோ தெருவில் பால் வாங்கப் போகிறவர்களையோ அவர் பார்க்கவில்லை.

"ஸ்டேஷன்ல இருந்தா நான் மனுஷனா இருக்கேன். உன்கூட இருந்தா பொணமா எந்திரிக்கிறேன். அவ்வளவுதான். இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல."

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டாள். வார் நன்றாகத்தான் இருந்தது, ஆனாலும் குனிந்து அதைச் சரிசெய்தாள்.

"ஷிப்டுக்கு நேரமாச்சு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அன்று சாயங்காலமே ஏணி ஒரு பையில் துணியை அடைத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய்விட்டார். தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. அதுவரை அங்கேயே ஒரு கட்டில் கேட்டிருந்தார், அதிகாரியும் கொடுத்துவிட்டார். ஏன் என்று கேட்டவர்களிடமெல்லாம் காரணத்தையும் சொன்னார். மறைத்து வைத்துப் பேசத் தெரியாத ஆள், அதுதான் அவர் நல்ல குணம், கெட்ட குணமும் அதுதான். "வீட்டுல படுத்தா என் ஒடம்புக்கு ஆகறதில்ல. அவகூட இருந்தா ஆகறதில்ல" என்று நிலையத்தில் சொன்னார், மைத்துனரிடம் சொன்னார், பெண்ணுக்குப் போன் செய்து சொன்னார். அதற்கு மேல் அவர் சொன்னது உண்மையாகவும் ஆனது. தினமும் நிலையத்தில் படுத்து எழுந்தவர் ஒரே வாரத்தில் பன்னிரண்டு நிமிஷத்துக்குக் கீழே வந்துவிட்டார். கால்வாயிலிருந்து நேராக என் கடைக்கு வந்து, 'ஸ்டே' பக்கத்தில் எழுதிவிட்டு, பின்பக்கக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவார்.

தங்கச்சி அழுதாளா என்று கேட்டால், அழுத சத்தம் எனக்குக் கேட்கவில்லை. ஒரு மனுஷிக்குச் சமைக்கும் சத்தம் கேட்டது. அது எவ்வளவு சின்னச் சத்தம் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

பத்து நாள் கழித்துக் கடைக்குள் வந்தாள். கதவின் உட்பக்கத்தில் எழுதியிருந்ததை நின்று படித்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அங்க வேற யாராவது இருக்காளா?"

"எங்க?"

"ஸ்டேஷன்ல. இல்ல, ஸ்டேஷன் பக்கத்துல."

"சேச்சே. அந்த ஆளுக்கு அதுக்கெல்லாம் சாமர்த்தியம் பத்தாது."

"எனக்கும் அப்படித்தான் தோணுது. ஆனா ஒரு மனுஷன் ஒரு எடத்துல செத்தும் இன்னொரு எடத்துல பொழைச்சும் எப்படி இருக்க முடியும்? இங்க நான் இருக்கேன். அங்க என்ன இருக்குன்னு பாக்கணும்."

எனக்கு அன்று நிலையத்தில் கொடுக்க வேண்டிய சட்டைகள் இருந்தன. "துணி கொடுக்கப் போறேன். நீயும் வா," என்றேன். அவர் விட்டுப்போன இரண்டு சட்டையை மடித்து எடுத்துக்கொண்டாள். நான்கு மூலையும் ஒன்றாகப் பொருந்தும்படி மடிப்பவள் அவள். அன்று ஒரு கை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் நாலரை இருக்கும். வண்டி வெளியே போயிருந்தது. தெருக்களில் உள்ள தண்ணீர்க் குழாய்களைச் சோதிக்கப் போயிருப்பதாகச் சமையல்காரர் சொன்னார். அவரை எல்லோரும் கரண்டி என்பார்கள். கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். சின்னக் கிழங்கு மலை ஒன்று பக்கத்தில் இருந்தது.

தங்கச்சி முதலில் படுக்கை அறையைப் பார்க்க வேண்டும் என்றாள். பத்து இரும்புக் கட்டில். மெத்தைகள் உள்ளங்கை கனம்கூட இல்லை. தலைக்கு மேல் அபாய மணி. சுவரில் வயர்லெஸ் பெட்டி கரகரவென்று யாரோடோ பேசிக்கொண்டே இருந்தது. காலுறையும் டீசலும் புகையும் கலந்த நாற்றம். ஏணியின் கட்டிலில் அவர் கால் வெளியே நீண்டு கம்பியில் உரசி, கம்பியின் பெயிண்டே போயிருந்தது.

"இங்கயா தூங்கறார்?"

"தூங்கறதா?" என்று வாசலில் வந்து நின்ற கரண்டி சிரித்தார். "நேத்து ஒரே ராத்திரியில மூணு தடவை மணி அடிச்சுது. மத்த நேரம் பக்கத்துக் கட்டில்காரன் குறட்டை. இங்க எவன் தூங்கறான்?"

அவள் அந்த மெத்தையைக் கையால் அழுத்திப் பார்த்தாள். வாசனை பிடித்துப் பார்த்தாள். முகத்தில் குழப்பம்தான் இருந்தது. தன் வீட்டைவிட இது எந்த விதத்தில் உசத்தி என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கிடைக்காமல் நின்றாள். எனக்கும் கிடைக்கவில்லை.

சமையலறைக்குத் திரும்பி வந்தோம். கரண்டி எங்களுக்கு டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு மறுபடி வாளியில் உட்கார்ந்தார்.

"அவருக்குன்னு தனியா மூணு முட்டை அவிக்கறது உங்களுக்குச் சிரமமா இருக்குமே அண்ணே," என்றாள் தங்கச்சி. வேறு பேச்சு இல்லாமல் மரியாதைக்குக் கேட்டது அது.

"எவருக்கு?"

"எங்க வீட்டுக்காரருக்கு. ராத்திரிக்கு."

"ஏணிக்கா? முட்டையா?" கரண்டி கத்தியைக் கீழே வைத்துவிட்டார். "இந்த அண்டாவைப் பாரும்மா. கிழங்கு, சோறு, ரெண்டும் இதுல மேல வரைக்கும் வேகும். ஏணி ரெண்டு தட்டு சாப்பிடுவான். அப்புறம் கரண்டியை வாங்கி அடியில ஒட்டினதைச் சுரண்டுவான். இருபத்திரண்டு வருஷமா அவன்தான் சுரண்டறான். வேற யாரையும் கிட்ட விடமாட்டான்."

"இப்பவுமா?"

"நேத்துகூட."

"நாலு மாசமா ராத்திரி மாவுச்சத்தே தொடறதில்லன்னு சொன்னாரே."

"அதெல்லாம் வீட்டுல இருக்கும். இங்க தனிச் சமையல் கிடையாது. எவனாவது வீட்டுலேர்ந்து டப்பா கொண்டாந்தான்னா அவன்கூட யாரும் முகம் கொடுத்துப் பேச மாட்டாங்க. நெருப்புக்குள்ள ஒண்ணாப் போறவன் சாப்பிடறப்ப மட்டும் தனியாப் போவானான்னு கேப்பாங்க. நானும் ஏணியைக் கேட்டேன், என்னடா விரதம்னு சொன்னியேன்னு. 'இது டியூட்டி சாப்பாடு, இது கணக்குல வராது'ன்னான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. தங்கச்சியைப் பார்த்து அடக்கிக்கொண்டேன். அவள் டீயைக் கீழே வைத்துவிட்டுக் கரண்டியின் கத்தியை எடுத்து ஒரு கிழங்கை உரிக்க ஆரம்பித்தாள். தோல் அறுந்துவிடாமல் ஒரே நாடாவாக வந்தது. ஒன்று, இரண்டு என்று ஐந்து கிழங்கு உரித்தாள். கரண்டியும் தடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, உங்க கதவுல கோடு போட்டு எழுதியிருக்காரே. ஒரு பக்கம் கிழங்கு தின்ன நாளு. இன்னொரு பக்கம் வெள்ளரிக்காய் தின்ன நாளு."

எனக்குச் சுருக்கென்றது. தினமும் அந்தக் கதவைத் திறந்து மூடுகிறவன் நான்.

"எவளாவது இருப்பான்னு நெனச்சுத்தான் வந்தேன்," என்று உரித்த கிழங்கைக் கையில் வைத்துப் பார்த்தாள். "இருந்திருந்தா தலைமுடியைப் பிடிச்சு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். இதை என்ன கேக்கறது?"

கரண்டிக்குப் பாதிதான் புரிந்தது. புரிந்த பாதிக்கு அவர் தன் தலையில் அடித்துக்கொண்டார். "ராத்திரி வயித்தைக் காயப்போட்டுக் காலையில ஓடச் சொன்னா ஒடம்பு எதை எரிச்சு ஓடும்? வண்டிக்கு டீசல் ஊத்தாம மணி மட்டும் அடிச்ச கதைதான்."

ஏணியிடம் உடனே சொல்லிவிடலாமே என்றேன், வரும் வழியில். அவள் நின்றுவிட்டாள்.

"சொன்னா நம்ப மாட்டார்ணே. 'நீ என்னை வீட்டுக்கு இழுக்கறதுக்குச் சொல்ற'ன்னுவார். உங்களை மாதிரி அவரும் கணக்கைத்தான் நம்புவார். நீங்களும்தான தலையாட்டினீங்க."

தேர்வுக்கு ஐந்து நாள் இருக்கும்போது அவள் என்னிடம் குறடு வாங்கிக்கொண்டு போனாள். அரை மணியில் அவர்கள் சமையலறையில் தண்ணீர் ஒழுகும் சத்தம் கேட்டது. குழாய் உடைந்துவிட்டது, ஒரு எட்டு வந்து பார்த்துவிட்டுப் போங்கள் என்று நிலையத்துக்குப் போன் செய்தாள். ஏணி ஆறு மணிக்கு வந்தார். கழன்றிருந்த குழாய் மறையைத் திருகி இறுக்கினார். தானாக ஏன் கழன்றது என்று ஆச்சரியப்பட்டார்.

"வந்தது வந்துட்டீங்க. ஒரு ராத்திரி இருந்துட்டுப் போங்க. அதிகாரிகிட்ட நான் கேட்டுட்டேன்," என்றாள்.

"வேணாம். நேரம் கெட்டுப்போயிடும். அஞ்சு நாள்தான் இருக்கு."

"அஞ்சுல ஒண்ணு. எனக்காக."

அவர் பெருமூச்சு விட்டது பலகைக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவள் தட்டு வைத்தாள். அது வீட்டுத் தட்டின் சத்தம் இல்லை. நிலையத்தின் கனத்த எனாமல் தட்டு, ஓரத்தில் பதினான்கு என்று எண் போட்டது; மதியம் அது வந்தபோதே நான் பார்த்திருந்தேன்.

"இது என் ஸ்டேஷன் தட்டாச்சே?"

"கரண்டி அண்ணன் கொடுத்தனுப்பினார். டியூட்டி சாப்பாடாம். மிச்சம் வெச்சா அவருக்குக் கோவம் வருமாம்."

நாற்காலி இழுபட்டது. பிறகு ஸ்பூன் தட்டில் உரசியது. நிற்காமல் உரசியது. கடைசியில் பாத்திரத்தின் அடியைச் சுரண்டும் சத்தமும் கேட்டது. நான் விளக்கை அணைத்துக் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டேன்.

மறுநாள் காலை ஆறேகாலுக்கு வந்தவர் இருபத்தைந்து வயது ஏணி. படியில் உட்காரக்கூட இல்லை. சாக்கட்டியை எடுத்துக் கதவுக்கு எதிரில் நின்றார். கையைத் தூக்கினார். 'ஸ்டே' பக்கம் போன கை நின்றது. 'வீ' பக்கம் போய் அங்கேயும் நின்றது.

"எவ்வளவு?" என்றேன்.

"பதினொண்ணு நாப்பத்தாறு." குரலில் பெருமை இல்லை, பயந்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். "மெத்தையை வெயில்ல போட்டிருக்கா மாஸ்டர். அதான்."

பின்பக்கக் கதவு திறந்தது. தங்கச்சி அன்று ஷிப்டை மாற்றி வாங்கியிருந்தாள். ஈரக் கையைத் துடைத்தபடி வந்து நின்றாள்.

"மெத்தையை நான் தொடவே இல்ல. அலாரம் நாலரைக்குத்தான் அடிச்சுது, துணியெல்லாம் சுத்தல. உங்க பக்கத்துலதான் படுத்திருந்தேன், இதே வாசனையோட. ஒண்ணே ஒண்ணுதான் மாறிச்சு. தட்டு."

ஏணி அவளைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். சாக்கட்டியால் மேலிருந்து கீழே ஒவ்வொரு எண்ணாகத் தொட்டுக்கொண்டே வந்தார். வாய் முணுமுணுத்தது. கீழே வந்து சேர்ந்தபோது காது சிவந்திருந்தது.

"அடச்சீ," என்றார். பிறகு லேசாகச் சிரிக்கப் பார்த்தார். "கெழங்கா? சரி, இப்பவாவது தெரிஞ்சுதே. விடு. சாயங்காலம் பையை எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

"தெரிஞ்சது நல்லது. ஆனா இத்தனை நாளா அந்தக் கெழங்குக்கு நீங்க என் பேரை வெச்சிருந்தீங்க."

"கோவத்துல சொன்னது."

"கோவத்துல ஒருத்தர்கிட்ட சொல்லலாம். நீங்க என் அண்ணன்கிட்ட சொன்னீங்க. பொண்ணுகிட்ட சொன்னீங்க. ஸ்டேஷன்ல ஒருத்தர் பாக்கி இல்லாம சொன்னீங்க. சலவைக்கூடத்துல ஒருத்தி என்னைக் கேக்கறா, 'உன் வீட்டுக்காரருக்கு உன் வாசனை ஆகாதாமே'ன்னு. நான் போர்வையை மடிச்சுக்கிட்டே நின்னேன்."

ஏணி சாக்கட்டியை அலமாரி ஓரத்தில் வைத்தார்.

"சொன்ன எடத்துக்கெல்லாம் போய்ச் சொல்லுங்க, கெழங்குதான்னு. எல்லார்கிட்டயும் சொல்லி முடிச்சிட்டுப் பையை எடுத்துக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் அங்கயே இருங்க. சாப்பாடு நல்லாத்தான் இருக்கு, நானே பாத்தேன்."

அவள் குரலை உயர்த்தவே இல்லை. உயர்த்தியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

தேர்வில் ஏணி பதினொன்று முப்பத்தெட்டில் ஓடி முடித்தார். அவருக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாம் முப்பது வயதுக்காரர்கள். வண்டியில் அவர் இடம் நிச்சயமாகிவிட்டது. ஆனால் பை நிலையத்திலேயே கிடந்தது. நெருப்புக்குள் போகிற ஆளுக்கு மைத்துனர் வீட்டு வாசலுக்குப் போகக் கால் வரவில்லை. ஒரு வாரம் போயிற்று. தங்கச்சி தினமும் வேலைக்குப் போனாள், வந்தாள், ஒரு மனுஷிக்குச் சமைத்தாள். வருவாரா என்று நான் கேட்டதற்கு, "எனக்கென்ன தெரியும்ணே?" என்றாள். அப்போதுதான் அவளுக்கும் பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது.

எட்டாம் நாள் காலை ஏணி என் கடைக்குள் வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அளவெடுக்கத்தான் வந்திருக்கிறார் என்று டேப்பை எடுத்தேன்.

"அதில்ல மாஸ்டர். உங்ககிட்டேர்ந்து ஆரம்பிக்கறேன்." தொண்டையைச் செருமினார். "எனக்கு ஒடம்பு முடியாம இருந்ததுக்கு என் பொண்டாட்டி காரணம் இல்ல. ராத்திரி பட்டினி கிடந்ததுதான் காரணம். அதான். தெரிஞ்சுக்கோங்க."

"தெரிஞ்சுக்கிட்டேன்," என்றேன். "நானும் தலையாட்டினேன். என்னையும் உங்க கணக்குல சேத்துக்கோங்க."

அவர் நீலச் சாக்கட்டி எழுத்துகளை ஈரத் துணியால் துடைத்துவிட்டுப் போனார். கோடு மட்டும் மரத்தில் கொஞ்சம் தங்கிவிட்டது.

அடுத்த நாள் துணி கொடுக்கப் போனபோது கரண்டி மிச்சத்தைச் சொன்னார். ராத்திரி சாப்பாட்டில் ஏணி எழுந்து நின்றாராம். சொன்னதும் எல்லோரும் ஸ்பூனால் தட்டைத் தட்டினார்களாம். ஒருத்தன் உருளைக்கிழங்குக்குத் தொப்பி வைத்து, 'இவங்கதான் ஏணி வீட்டம்மாவா?' என்று கேட்டானாம். ஏணி சிரிக்கவில்லையாம்.

அதற்கு மூன்றாம் நாள், சாயங்காலம் ஆறு மணி. நான் ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்துக்கொண்டிருந்தேன். பை தரையில் வைக்கப்பட்ட சத்தம் பலகைக்கு அந்தப் பக்கம் கேட்டது.

"எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன்," என்றார் ஏணி.

"யார் யார்கிட்ட?"

"மாஸ்டர்கிட்ட. ஸ்டேஷன்ல எல்லார்கிட்டயும், அதிகாரிகிட்ட தனியா. உங்கண்ணன் வீட்டுக்கு நேர்ல போனேன். அவர் சிரிச்சு சிரிச்சு இருமல் வந்து படுத்துட்டார்."

"பொண்ணுகிட்ட?"

"போன்ல சொன்னேன்." பையைச் சுவரோரம் நகர்த்தும் சத்தம் கேட்டது. "அவ சிரிக்கல."

"இன்னும் ஒரு ஆள் இருக்கு."

"யாரு? பால்காரரா? அவர்கிட்ட நான் எதுவுமே சொல்லலியே."

"மொதமொதல்ல யார்கிட்ட சொன்னீங்க?"

என் கால் மிஷினை மிதிப்பதை நிறுத்திவிட்டது. ஊசி துணிக்குள் பாதியில் நின்றது. அந்தப் பக்கம் அடுப்பில் எதுவோ கொதிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. ஊரெல்லாம் போய்ச் சொன்ன மனுஷனுக்கு, எட்டடி அறைக்குள் அந்த ஒரு வார்த்தையை எடுக்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியாது.

"நீ இல்ல," என்றார். "உன்னால இல்ல. உன் பக்கத்துல படுத்ததால இல்ல. உன்மேல வர்ற வாசனையால இல்ல. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அது யாருடையது என்று பலகை சொல்லவில்லை. பிறகு அலமாரி திறந்தது. இரண்டு தட்டு வந்து அமர்ந்தன.

"பையை உள்ள வெச்சிட்டு வாங்க. கெழங்கு ஆறிடும்."

நான் மிஷினை மிதிக்கத் தொடங்கினேன். அதற்குப் பிறகு அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்கக் கூடாது என்றுதான் அவ்வளவு வேகமாக மிதித்தேன். பாவாடையின் ஓரம் கோணலாகிப் போய், மறுநாள் பிரித்துத் தைத்தேன்.